நெடுக நடக்காத பாதை

ஓபர்ஹெக், 3 ஏப்ரல் 2012

அன்புள்ள ஒடீலியா அக்காவுக்கு,

நம் வீட்டுக்கு முன்னால் கிடந்த தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். கட்டை, ஜல்லி எல்லாம் போயிற்று. அந்த இடத்தில் தார் போட்டு, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பாதை ஆக்குகிறார்கள். ஜெர்மனியில் ஆகன் நகரில் ஆரம்பித்து லக்ஸம்பர்க்கில் ட்ருவாவியெர்ஜ் வரை நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர். வடக்கேயிருந்து வந்த தார் அப்பாவின் கொட்டகைக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. தெற்கேயிருந்து வந்தது அந்தப் பக்கம் நிற்கிறது. நடுவில் நம் கொட்டகை, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி.

என் உடம்புக்குக் குறைவில்லை. முழங்கால் மட்டும் படியிறங்கும்போது முணுமுணுக்கிறது. உன் மணிக்கட்டு வலி எப்படியிருக்கிறது? எம்டனில் கடல் காற்று தணிந்ததா?

பெல்ஜியப் பாதை அலுவலகத்திலிருந்து நில அளவைக்கு ஒரு பெண் வந்தாள். நதீன் தைஸென் என்று பெயர். முப்பது வயது இருக்கும். கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டாள்:

"இத்தனூண்டு கொட்டகைக்கு எதுக்கு ரெண்டு கதவு?"

"ஒண்ணு பெல்ஜியத்துக்கு, ஒண்ணு ஜெர்மனிக்கு."

"புரியலையே."

"நீ நிக்கிற ரயில் தடம் பெல்ஜியம். என் வீடு ஜெர்மனி. எதிர்த்தாப்ல இருக்கிற வயலும் ஜெர்மனி. நடுவுல நாடா மாதிரி ஓடுறது மட்டும் உங்க ராஜாவோடது. சண்டை முடிஞ்ச காலத்துல ஜெர்மனியில காப்பிக்கு வரி, காப்பி விலையை விட ஜாஸ்தி. அதனால மூட்டை அந்தக் கதவு வழியா வரும், பொட்டலமா இந்தக் கதவு வழியா போகும்."

"அப்போ தரையில இருக்கிற சிவப்புக் கோடு?"

"எல்லை. எங்கப்பா போட்டது."

சிரித்தாள். நம் வீட்டில் யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகை அவர்கள் தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு சைக்கிள் தாண்ட இடமில்லை. இடிக்க நாம் சம்மதித்தால் ஈட்டுத்தொகை தருவார்கள், பாதை என் முற்றத்தை ஒட்டிப் போகும். செப்டம்பர் முப்பதுக்குள் சம்மதம் வராவிட்டால் காட்டுக்குப் பின்பக்கமாக வளைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் என் வாசலில் ஈ கூட வராது. நான் ஏற்கெனவே நாற்பது நாற்காலி, ஒரு காப்பி இயந்திரம் வாங்கிவிட்டேன். பழைய கலப்பையில் ஆரம்பித்துத் தோட்டத்து மேஜை வரை விற்றவன் நான். கடைசியாக உட்கார்ந்தபடி ஒரு வியாபாரம் செய்யலாம் என்று ஆசை.

கொட்டகையில் பாதி உன் பெயரில் இருக்கிறது. தாளை இணைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் உன் கையெழுத்து வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி லாம்பெர்ட்


எம்டன், 17 ஏப்ரல்

தம்பி லாம்பெர்ட்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மணிக்கட்டு இருக்கிறது. ரொட்டி அறுக்கலாம், ஜாடி மூடியைத்தான் திறக்க முடியவில்லை. நீ படியில் பக்கவாட்டில் இறங்கு, முழங்கால் சும்மாயிருக்கும்.

வழக்கம்போல என் உடம்பை மட்டும் விசாரித்திருக்கிறாய். ஐம்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் வெர்னர் என்று ஒருவர் இருக்கிறார். நம் அப்பாவைக் கொட்டகையில் வைத்துப் பிடித்த சுங்கக்காரரைக் கட்டிக்கொண்டேன். அதற்காக அப்பா சாகும்வரை என்னோடு பேசவில்லை. நீ வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை போட்டாய். நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கையெழுத்துக்கு அவசரமில்லை, செப்டம்பர் தூரத்தில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு கேள்வி. அந்தப் பாதையில் நீ நடந்து பார்த்தாயா? நம் வீட்டுச் சட்டம் எனக்கு மறக்கவில்லை. தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டலாம், நெடுக நடக்கக் கூடாது. சுங்கக்காரர்கள்தான் நெடுக நடப்பார்கள் என்பார் அப்பா. எழுபத்து மூன்று வயதாகிறது உனக்கு. சரக்கைப் பார்க்காமலே விலை பேசும் வியாபாரியை நான் கேள்விப்பட்டதில்லை.

நடந்து பார். பார்த்ததை எழுது. சின்னச் சின்னதாகக்கூட எழுது. பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்
ஒடீலியா


ஓபர்ஹெக், 6 மே

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். ஜாடி மூடியைச் சுடுதண்ணீரில் காட்டிவிட்டுத் திற.

உன் நிபந்தனையைப் படித்ததும் கோபம் வந்தது. கையெழுத்துக்கு விலை கேட்கிறாளே என்று. பிறகு, விலை கேட்பது நம் ரத்தத்தில் இருப்பதுதானே என்று ஆறினேன்.

மே முதல் தேதி காலை. தாரின் ஓரத்தில் நின்றேன். சிரிக்காதே, கால் வரவில்லை. தினமும் வயலுக்குப் போகக் குறுக்கே தாண்டும் இடம்தான். நாலு எட்டில் தாண்டிவிடுவேன். தெற்குப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றதும் கால் ஆணியடித்தாற்போல் நின்றது. பக்கத்து வீட்டுப் பால்டஸ் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன லாம்பெர்ட், சிக்னல் விழலையா?"

"வாயை மூடு."

"கூவட்டுமா? கூவினா கிளம்புவியா?"

அவன் நிஜமாகவே ரயில் மாதிரி கூவினான், எழுபது வயதுக் கழுதை. அவனுக்குப் பயந்தே நடந்தேன்.

அக்கா, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று கிலோமீட்டர் போனேன். நான் பிறந்த இடத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எதுவும் தெரியாது. நமக்கு இந்த ஊர் துண்டு துண்டாகத்தான் தெரியும். வீடு, வயல், பாலம், கோயில், எல்லாம் தனித்தனி. ரயில் தடத்தில் நின்றால் எல்லாம் ஒன்றாகி விடுகின்றன. மலை ஏறுவதே தெரியவில்லை. ரயில் மூச்சு வாங்காமல் போக வேண்டும் என்று போட்ட சரிவல்லவா, என் முழங்காலும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், நம் வீட்டுக் கூரை எனக்குக் கீழே இருக்கிறது. எப்போது ஏறினேன்?

வளைவு தாண்டியதும் பாறையைக் குடைந்து வெட்டிய இடம். இரண்டு பக்கமும் மூன்று ஆள் உயரத்துக்கு ஸ்லேட் பாறை. அதில் பாசி, பெரணி. உள்ளே நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றினேன். எதற்கென்று தெரியாது, கை தானாகப் போயிற்று. குந்தாலி பட்ட தழும்பு இன்னும் பாறையில் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு மனிதனின் வீச்சு. எண்ணலாம் என்று ஆரம்பித்து முந்நூறோடு விட்டுவிட்டேன். நாற்பது வருஷம் சரக்குக்கு மதிப்புப் போட்டவன், இதற்கு ஒரு மதிப்பும் வாயில் வரவில்லை.

இது போதுமா? தாளைத் திருப்பி அனுப்பு.

லாம்பெர்ட்


எம்டன், 15 மே

தம்பிக்கு,

போதாது. நன்றாக எழுதியிருக்கிறாய், அதனால்தான் போதாது.

பாறை வெட்டில் இடது பக்கம், தெற்குக் கோடியில், மேலேயிருந்து தண்ணீர் விழுமே, அது இப்போதும் விழுகிறதா? விழும் இடத்தில் பாறை செம்பழுப்பாக இருக்குமே? அதைத் தாண்டினால் ஒரு தனி லார்ச் மரம், இடி விழுந்து இரண்டாகப் பிளந்தது. இருக்கிறதா? சதுப்பு வெளி ஆரம்பிக்கிற இடத்தில் ஜெர்மன் பக்கம் ஓரமாக ஒரு ஒற்றையடித் தடம் கூடவே வரும். அது இன்னும் தெரிகிறதா, புல் மூடிவிட்டதா?

என் உடம்பு பரவாயில்லை. தூக்கம் குறைவு. இங்கே வேலை கொஞ்சம் அதிகம்.

ஒடீலியா


ஓபர்ஹெக், 12 ஜூன்

அன்புள்ள அக்கா,

நலமே. நீ தூக்கம் குறைவு என்று எழுதியது கவலையாக இருக்கிறது. வேலை அதிகம் என்றால் என்ன வேலை? எழுபத்தெட்டு வயதில்?

ஒரு சைக்கிள் வாங்கினேன். மோட்டார் வைத்தது. கடைக்காரன் ஆயிரத்து எண்ணூறு சொன்னான், நான் எழுந்து கதவு வரை போனேன், ஆயிரத்து நானூறுக்குக் கொடுத்தான். அதில் பதினான்கு கிலோமீட்டர் தெற்கே போய் வந்தேன்.

தண்ணீர் விழுகிறது. செம்பழுப்புதான், துருப்பிடித்த கூரை மாதிரி. கையை நீட்டினேன், ஜூன் மாதத்தில் எலும்பு வரை குளிர்ந்தது. லார்ச் இருக்கிறது. ஒரு பாதி செத்துவிட்டது. மற்றப் பாதி அதைத் தாங்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. ஒற்றையடித் தடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். புல் மூடியிருக்கிறது, ஆனால் சாய்வு வெயிலில் பார்த்தால் ஒரு பள்ளக் கோடாகத் தெரிகிறது. ஒரு பாதம் அகலம்தான்.

அதற்கப்புறம் சதுப்பு வெளி. அக்கா, பருத்திப் புல் பூத்திருக்கிறது. ஜூனில் பூக்கும் என்று தெரியும், சந்தைக்குப் போகும்போது சாலையிலிருந்து ஒரு வெள்ளைத் தீற்றலாகப் பார்த்திருக்கிறேன். அதன் நடுவில் நின்றதில்லை. நாலு பக்கமும் தரையே தெரியவில்லை. காற்று வீசும்போது மொத்த வெளியும் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நிமிர்கிறது. சத்தம் கிடையாது. இவ்வளவு பெரிய ஒன்று அசைகிறது, சத்தமே இல்லை. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டேன், ஆயிரத்து நானூறு யூரோ சைக்கிளை.

எவ்வளவு நேரம் நின்றேனோ. ஒரு டச்சுக்காரக் குடும்பம் வந்து நின்றது. அந்த அம்மாள் கேட்டாள்:

"உங்களுக்கு உடம்பு ஏதாச்சும்?"

"இல்லம்மா. நான் இந்த ஊர்க்காரன்."

"அப்போ தினமும் பாக்குறீங்க, கொடுத்து வச்சவங்க."

"இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

எழுபத்து மூன்று வருஷம் என் வாசலில் இதன் ஒரு நுனி கிடந்திருக்கிறது.

இப்போது என் கேள்வி. தண்ணீர் விழும் இடம், பிளந்த மரம், ஒற்றையடித் தடம், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நீயும் நான் வளர்ந்த வீட்டில்தான் வளர்ந்தாய். நீயும் நெடுக நடந்ததில்லை.

லாம்பெர்ட்


எம்டன், 22 ஜூன்

தம்பிக்கு,

பருத்திப் புல் பற்றி எழுதியதை மூன்று முறை வாசித்தேன். அந்த டச்சுக்காரி பகுதியில் சத்தமாகச் சிரித்தேன்.

இங்கே நல்ல மழை. நான் நலம். வெளியின் அந்தக் கோடியில் தடத்தோரம் ஒரு சின்னக் கல் குடிசை, கூரை தாழ்ந்தது, மழைக்கு ஒதுங்க ஒரு ஆள் இடம் இருக்கும். அது நிற்கிறதா என்று பார்த்து எழுது.

ஒடீலியா


ஓபர்ஹெக், 1 ஜூலை

அக்கா,

நான் முட்டாள் இல்லை. சுங்கக்காரர்கள் மழைக்கு ஒதுங்கும் குடிசையைப் பற்றி நீ கேட்கிறாய். ஜெர்மன் பக்கத்து ஒற்றையடித் தடம் சுங்கக்காரர்கள் ரோந்து போன தடம். தண்டவாளம் பெல்ஜியம் என்பதால் அதில் கால் வைக்க உரிமையில்லாமல் ஓரமாகவே நடந்து நடந்து போட்ட தடம். இந்தக் கேள்விகள் உன்னுடையவை அல்ல. அவனுடையவை. நான் தொப்பியைக் கழற்றி நின்றதையெல்லாம் அவனுக்கா வாசித்துக் காட்டினாய்?

அவன் பிடித்த அன்று இரவு அப்பா கொட்டகையில் காப்பி நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தராசு சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பெல்ஜியத்தில் இருந்தது. ஜெர்மன் சுங்கக்காரனுக்கு அங்கே கை வைக்க அதிகாரம் கிடையாது. அவன் நீதிமன்றத்தில் நின்று, "ஜெர்மன் மண்ணில்தான் பிடித்தேன்" என்று சத்தியம் செய்தான். அப்பா ஆகன் சிறையில் பதினொரு மாதம் இருந்தார். திரும்பி வந்தபோது இடுப்புவார் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. எனக்குப் பதினான்கு வயது. அன்றைக்கு ஆரம்பித்த உழைப்பு.

கையெழுத்துப் போடுவதானால் போடு, போடாவிட்டால் போ. நாற்பது நாற்காலியை நான் விற்றுக்கொள்வேன். இனி பாதையைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன்.

லாம்பெர்ட்


எம்டன், 24 ஆகஸ்ட்

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு வாரம் ஆயிற்று. நீ எழுதுவாய் என்று பார்த்தேன், எழுதவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிப்ரவரியில் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. வலது பக்கம் விழுந்துவிட்டது. படுக்கையில்தான் இருக்கிறார். பேச்சு கொஞ்சம் வருகிறது, ஆனால் எம்டனைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றியெல்லாம் பேசுவதில்லை. ரோந்து போகிறார். "பாறை வெட்டு வந்துடுச்சு", "மரம் எங்க?", "இங்க ஓரமா நட, ஒடீலியா, தண்டவாளத்துல ஏறாதே" என்கிறார். ஒரு நாள் மரம் வரவில்லை என்று அழுதார். அவர் நினைவில் தடம் அங்கங்கே அறுந்துபோய்விட்டது. அந்த இடத்தில் நின்று தவிக்கிறார். எனக்கு ஒட்டுப்போடத் தெரியவில்லை, நான் அந்த இடங்களைப் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் உன் தாள் வந்தது.

உன் மே மாதக் கடிதத்தை வாசித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாறையில் குந்தாலித் தழும்பு என்றதும், "நடுவுலேர்ந்து பாத்திருக்கான். அங்கேர்ந்துதான் ரெண்டு பக்கமும் தெரியும்," என்றார். ஆறு வருஷம் அந்தத் தடத்தின் ஓரத்தில் நடந்தவர், ஒரு தடவைகூட அதன் நடுவில் நின்றதில்லை. லார்ச் மரம் இருக்கிறது என்றதும் அன்றைக்கு முழு இரவும் தூங்கினார். நானும் தூங்கினேன். வேலை அதிகம் என்று நான் எழுதியது அவரைப் பார்த்துக்கொள்வதைத்தான்.

உன்னிடம் கேட்டால் மாட்டேன் என்பாய் என்று நினைத்து மறைத்தேன். கையெழுத்தைப் பிடித்து வைத்துக் கடிதம் வாங்கினேன். அது தப்பு. தாளை இத்துடன் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதிலுக்கு எதுவும் வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

குழம்பிப்போன மனிதருக்கு உன் கண்ணைக் கடன் வாங்கினேன், மன்னித்துக்கொள்.

உன் அக்கா
ஒடீலியா


ஓபர்ஹெக், 2 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

தாள் வந்து சேர்ந்தது. நீ போட்ட கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மணிக்கட்டு மோசமாகிவிட்டது என்று தெரிகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் உன் கடிதம் வந்து மூன்று நாள் ரொட்டி இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ மறைத்தாய். நானும் மறைத்தேன். நான் மறைத்தது பெரிது.

மே மாதம் பத்தாம் தேதி அந்த நதீன் மறுபடி வந்தாள். முக்காலி, கருவி எல்லாம் வைத்து அளந்தாள். பிறகு கொட்டகைக்குப் பக்கத்தில் முட்செடியை வெட்டச் சொன்னாள். உள்ளே ஒரு எல்லைக் கல் புதைந்து கிடந்தது. ஒரு பக்கம் பெல்ஜியத்தின் எழுத்து, மறுபக்கம் ஜெர்மனியின் எழுத்து. அவள் நாடாவைப் பிடித்தாள்.

"தாத்தா, உங்கப்பா கோடு தப்பு."

"என்ன தப்பு?"

"எல்லை இங்க இல்ல. இன்னும் ஒண்ணே முக்கால் மீட்டர் தண்டவாளத்துப் பக்கம் தள்ளி. உங்க கொட்டகையில அறுபது சென்டிமீட்டர்தான் பெல்ஜியம். மீதி எல்லாம் ஜெர்மனி. எங்களுக்கு அந்த அறுபது போதும், முழுசா இடிக்க வேண்டாம்."

"அந்தக் காலத்துல எல்லை வேற மாதிரி இருந்திருக்கும்."

"கல்லுல வருஷம் வெட்டியிருக்கு பாருங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு."

அவள் போனபின் நான் உள்ளே போய், தராசு நின்ற இடத்தில் நின்றேன். நாலு திருகாணித் துளை தரையில் இன்னும் இருக்கிறது. கோட்டைத் தாண்டி ஒரு மீட்டர். உண்மையான எல்லைக்கு இன்னும் முக்கால் மீட்டர் பாக்கி. அப்பா ஜெர்மனியில்தான் நின்றார், அக்கா. தண்டவாளத்திலிருந்து எட்டு வைத்து அளந்து கோடு போட்டிருக்கிறார். கல்லைத் தேடவில்லை. மூட்டைக்கு மூட்டை கிராம் சுத்தமாக எடை போட்டவர், எல்லையைக் காலால் அளந்தார்.

இது தெரிந்துகொண்டேதான் ஜூலையில் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். கோபம் வந்தது உன் வீட்டுக்காரர்மேல் இல்லை. அந்தக் கல்மேல். சுமந்து வந்த மூட்டையில் சரக்கே இல்லை என்று தெரிந்தால் யாருக்கும் கோபம் வரும்.

கையெழுத்துக் கைக்கு வந்தபின் சொல்கிறானே என்று நினைக்காதே. நினைத்தாலும் சரிதான், கையெழுத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும்.

முந்தாநாள் விடியலில் வெளியின் கோடிக்குப் போனேன். மூடுபனி. என் கை எனக்குத் தெரியவில்லை. தாரின் கறுப்பு மட்டும் காலடியில் இரண்டு எட்டுக்குத் தெரியும், அதை நம்பிப் போனேன். திடீரென்று பனி மேலே தூக்கிற்று, யாரோ போர்வையை உருவினாற்போல. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒவ்வொரு புல்லிலும் சிலந்தி வலை. லட்சக்கணக்கில். ஒவ்வொரு வலையிலும் பனித்துளி, ஒவ்வொரு துளியிலும் வெளிச்சம். அந்த வலைகளுக்குப் பெல்ஜியமும் இல்லை, ஜெர்மனியும் இல்லை, தடத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கட்டியிருந்தது. நான் நெடுஞ்சாண்கிடையாக விழாத குறைதான்.

கல் குடிசை நிற்கிறது. கூரை போய்விட்டது. உள்ளே ஒரு பலகை இருக்கிறது, ஒரு ஆள் உட்காரலாம். உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் தடம் இரண்டு பக்கமும் தெரிகிறது, நேர்க்கோடாக, வானம் வரை. நல்ல இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

இதை அவருக்கு வாசித்துக் காட்டு. கல்லைப் பற்றியும் வாசி.

லாம்பெர்ட்


எம்டன், 14 செப்டம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்தேன். முதலில் குடிசையை வாசித்தேன், பிறகு சிலந்தி வலை. கல்லைக் கடைசியில் வைத்தேன்.

தூங்கிவிட்டார் என்று எழப்போனேன். இடது கையால் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"எத்தனை மீட்டர்?"

"முக்கால் மீட்டர். ஜெர்மன் பக்கம்."

"நிச்சயமா?"

"கல் இருக்காம்."

அழுதார், தம்பி. பிறகு சொன்னார், வார்த்தை வார்த்தையாக, நான் சேர்த்து எழுதுகிறேன்: "எனக்குத் தெரியாது ஒடீலியா. அன்னைக்கு இருட்டுல எந்தப் பக்கம் நின்னாருன்னு எனக்குத் தெரியாது. அதிகாரி கேட்டாரு, ஜெர்மன் மண்ணுதானேன்னு. ஆமான்னுட்டேன். நீதிமன்றத்துலயும் ஆமான்னுட்டேன். தெரியாம சத்தியம் பண்ணினேன்."

ஐம்பத்தெட்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவரிடமிருந்து இதை இப்போதுதான் கேட்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். சொன்னது உண்மையாகிவிட்டதே, எதற்கு மன்னிப்பு என்றேன். "உண்மைன்னு தெரிஞ்சா சொன்னேன்?" என்கிறார்.

மருத்துவர் கிறிஸ்துமஸ் வரை என்கிறார். நான் மருத்துவரை நம்புவதில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

குடிசைக்குத் தெற்கே அவர் போனதில்லை. அவருடைய காவல் எல்லை அதோடு முடிந்தது. நேற்று, "அதுக்கப்புறம் எங்க போகுது?" என்று கேட்டார்.

ஒடீலியா


ஓபர்ஹெக், 29 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

நலம். உன் மணிக்கட்டுக்கு ஒரு தைலம் தனியே அனுப்பியிருக்கிறேன், பால்டஸ் குதிரைக்குப் போடுவது, கூச்சப்படாமல் போடு.

நேற்று பாதை அலுவலகத்தோடு முடித்துவிட்டேன். கொட்டகையில் அறுபது சென்டிமீட்டரை அவர்கள் அறுத்து எடுப்பார்கள், புதுச் சுவரை அவர்களே கட்டித் தருவார்கள். நான் இரண்டாயிரத்து எண்ணூறு கேட்டேன், அவர்கள் ஆயிரத்து ஐந்நூறு சொன்னார்கள், இரண்டாயிரத்து இருநூறுக்கு முடிந்தது. பாதி உனக்கு. நதீன் கை கொடுத்துவிட்டு, "தாத்தா, முதல் காப்பி எனக்கு ஓசியா?" என்றாள். "வரி மட்டும் கட்டிட்டுக் குடி," என்றேன்.

குடிசைக்குத் தெற்கே நானும் போனதில்லை. முந்தாநாள் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். பாதை இறங்குகிறது. இறங்கிக்கொண்டே போய் ஒரு பள்ளத்தாக்கு திறக்கிறது, அதன் மேல் பாலம். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் பருந்தின் முதுகு தெரிகிறது. அக்கா, பருந்தின் முதுகை நான் இதுவரை பார்த்ததில்லை. பழுப்பில் தங்கம் கலந்த மாதிரி, சிறகை அசைக்காமல் என் காலுக்குக் கீழே போயிற்று. அதற்கு மேல் போகாமல் திரும்பிவிட்டேன். தனியாகப் பார்த்துத் தீர்க்க மனம் வரவில்லை.

அதனால் அத்தானோடு ஒரு ஒப்பந்தம். அவரிடம் வாசித்துச் சம்மதம் கேட்டு எழுது. பாலத்திலிருந்து ட்ருவாவியெர்ஜ் வரை இன்னும் எழுபது கிலோமீட்டர் இருக்கிறது. வாரம் ஒரு கடிதம், கடிதத்துக்கு ஏழு கிலோமீட்டர், ஆக மொத்தம் பத்து. பனி பெய்தாலும் நிறுத்த மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன் கடைசி ஊர் வந்துவிடும். தடத்தின் நடுவில்தான் நடப்பேன், அவரும் நடுவில்தான் வர வேண்டும், ஓரமாக ஒதுங்கக் கூடாது. வழியில் மன்னிப்பு என்ற பேச்சு இரண்டு தரப்பிலும் கிடையாது. அவர் பக்கத்திலிருந்து தர வேண்டியது வாரத்துக்கு ஒரு கேள்வி. தபால் செலவு என்னுடையது.

லாம்பெர்ட்